இருநூறு லிட்டரும் எட்டு நாட்களும்

நாள் 1: துறைமுகம்

நாளை விடியற்காலையில் கிளம்புகிறோம். இன்று முழுக்கச் சாமான் ஏற்றும் வேலை. அதில் எனக்கு வந்து சேர்ந்தது தண்ணீர் பிடிக்கும் பொறுப்பு. குழாயில் ஹோஸை மாட்டி ஓட்டையில் விட்டால் முடிந்தது, இதற்கு ஓர் ஆள் வேறா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

படகு அண்ணனுடையது. கூடப்பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் அண்ணன். 11 மீட்டர் நீள ஃபைபர் பாய்மரப் படகு, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நடு அறையின் தரைப் பலகைகளுக்குக் கீழே 200 லிட்டர் எவர்சில்வர் தொட்டி இருக்கிறது. அண்ணன், அண்ணி, நான் என மூன்று பேர், எட்டு நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர் என்றால் 24 லிட்டர், எட்டு நாளைக்கு 192. குடிக்க, சமைக்க, பல் தேய்க்க, குளித்ததாகப் பெயர் பண்ண எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தாளில் கணக்கு அழகாக உட்கார்ந்தது. இதற்கு மேல் 10 லிட்டர் கேன் நான்கு தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். அது அண்ணியின் சட்டம். தொட்டியை மட்டும் நம்பி அவர் கடலில் கால் வைக்கமாட்டார்.

மேல்தளத்தில் ஒரே மாதிரி இரண்டு பித்தளை மூடிகள். ஒன்று தண்ணீருக்கு, மற்றது டீசலுக்கு. பொறித்த எழுத்துகள் எப்போதோ தேய்ந்துவிட்டன. தண்ணீர் மூடியைச் சுற்றி அண்ணி நீல பெயின்டில் ஒரு வளையம் போட்டிருக்கிறார். அப்படியும் மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஹோஸைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். டீசல் தொட்டிக்குள் தண்ணீர் விட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்களாம். "அந்தக் கூட்டத்துல நாமளும் சேர வேண்டாம் தம்பி" என்றார்.

துறையில் ஒரு ஹோஸ் கிடந்தது. எடுக்கப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அது போன மாதம் யாருடைய கழிவுத் தொட்டியை அலசியதோ, நமக்குத் தெரியாது. குடிநீருக்கென்றே ஒரு வெள்ளை ஹோஸைப் படகில் சுருட்டி, இரு முனையையும் ஒன்றோடொன்று மாட்டி வைத்திருக்கிறார். பூச்சி போகாது, மிச்சத் தண்ணீர் ஒழுகாது. முதலில் குழாயைச் சும்மா மூன்று நிமிடம் ஓடவிட்டோம். வெயிலில் கிடக்கும் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் நமக்கு வேண்டாம். பிறகு ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, ஒரு வாய் குடித்து, அதன் பிறகே ஹோஸ். ஹோஸையும் ஒரு நிமிடம் அலசினோம். அதன் நுனி கடல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு முறை விழப் பார்த்தது.

ஒரு வாளியை வைத்து நேரம் பார்த்தேன். 10 லிட்டர் வாளி 50 வினாடியில் நிறைந்தது, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். தொட்டி காலியாக இருந்தால் 17 நிமிடம் பிடிக்கும். ஒன்பதாவது நிமிடத்திலேயே மூடி வாயிலிருந்து 'பொளக்' என்று தண்ணீர் முகத்தில் அடித்தது. கொஞ்சம் விட்டு, திறப்பைக் குறைத்து, இன்னும் ஒரு நிமிடம் விட்டேன். மறுபடியும் பொளக்.

"நிறைஞ்சிடுச்சுண்ணா."

உள்ளே சுவிட்ச் பலகையில் ஒரு முள் மீட்டர் உண்டு. ஆரம்பிக்கும்போது பாதி காட்டியது. இப்போது அண்ணன் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் நகர்ந்து முழுசாக நின்றது. பாதி இருந்தது, பாதி பிடித்தோம், நிறைந்துவிட்டது. எல்லாம் பொருந்தியது. மூடியைச் சாவி போட்டு இறுக்கினேன். போன வாரம்தான் புது ரப்பர் வளையம் போட்டாராம், "இனி ஒரு சொட்டு மழைத் தண்ணி உள்ள போகாது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

நாள் 2: முதல் விரிகுடா

நல்ல காற்று. ஏழு மணி நேர ஓட்டம், பிற்பகலில் நங்கூரம். பயணம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, கடல் பாட்டுக்கு இருந்தது, நாங்கள் பாட்டுக்கு இருந்தோம்.

மூன்று பேரும் தாராளமாகவே தண்ணீர் செலவழித்தோம், ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் புத்தி அது. கடல் தண்ணீரை இழுக்கும் கால் பம்பு ஒன்று சமையல் மேடைக்குக் கீழே இருக்கிறது, பாத்திரத்தை அதில் கழுவிவிட்டு நல்ல தண்ணீரில் ஓர் அலசு அலசினால் போதும். நான் நேராக நல்ல தண்ணீரில் கழுவினேன். அண்ணி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரத்து மெலிந்தது. பம்பு ஓடுகிறது, ஆனால் மலையேறுகிறவர் மாதிரி முனகிக்கொண்டு ஓடுகிறது. இந்தப் படகில் 12 வோல்ட் பம்பு. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், தானே ஓடத் தொடங்கும். மூடினால் அழுத்தம் ஏறி நின்றுவிடும். பம்புக்கு முன்னால் ஒரு சிறு சல்லடை உண்டு. அண்ணன் அதைக் கழற்றினார். உள்ளே கறுப்பாக, வழவழப்பாக, கிழிந்த காகிதம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவி மாட்டினோம். வரத்து அப்படியே மெலிவாகத்தான் இருந்தது. "பம்புக்கு வயசாயிடுச்சு" என்றார் அண்ணன்.

எனக்கென்னவோ அந்தக் கறுப்பு வழவழப்பு கண்ணிலேயே நின்றது. அந்தத் தண்ணீரைத்தான் காலையிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறோம்.

நாள் 3: இரண்டாவது விரிகுடா

தூக்கமில்லை. என் படுக்கைக்குப் பக்கத்தில்தான் பம்பு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, எந்தக் குழாயும் திறக்காமல், 'டர்ர்ர்' என்று ஒரு நொடி ஓடி நின்றது. சுமார் இருபது நிமிடம் கழித்து மறுபடியும். மூன்றாவது முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் தண்ணீர் எடுக்காமல் பம்பு ஓடினால் காரணம் இரண்டில் ஒன்று. பம்புக்குள் இருக்கும் வால்வு பிடிக்காமல் தண்ணீர் பின்னால் திரும்புகிறது, அல்லது பம்புக்கு அப்பால் எங்கோ ஒழுகுகிறது. காலையில் படகின் அடிப்பள்ளத்தைத் திறந்து பார்த்தோம். அங்கே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும், தானியங்கிப் பம்பு ஒன்று அவ்வப்போது அதை வெளியே தள்ளும். அதனால் எவ்வளவு சேர்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. கேள்வி ஒன்றுதான்: இது நல்ல தண்ணீரா, கடல் தண்ணீரா? கடல் தண்ணீர் என்றால் படகே ஒழுகுகிறது, கவலை பெரிது. நல்ல தண்ணீர் என்றால் நம் தொட்டியோ குழாயோ.

அண்ணன் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். டீசல் வாடை அடிக்கும் அந்தப் பள்ளத்துத் தண்ணீரை நான் சுவைப்பதாக இல்லை. ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சோப்புப் போட்டுக் கலக்கினேன். நன்றாக நுரைத்தது. கடல் தண்ணீரில் சாதாரணச் சோப்பு இப்படி நுரைக்காது. "உப்பே இல்லடா" என்று அவரும் அதையே சொன்னார்.

ஒழுகல் சமையல் மேடைக்குப் பின்னால் இருந்தது. ஹோஸும் குழாயும் சேரும் இடத்தில் கிளிப்பு துருப்பிடித்துத் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக, சத்தமில்லாமல். புதுக் கிளிப்புப் போட்டு இறுக்க ஐந்து நிமிடம். சொட்டுதானே என்று நினைத்தால், ஒரு தடவை பம்பு ஓடும்போது ஒரு டம்ளர் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு மூன்று டம்ளர், நாளுக்கு எழுபத்திரண்டு. அதாவது 14 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டு பேருடைய பங்கை யாரும் தொடாமல் கடலில் கொட்டியிருக்கிறோம்.

பம்பின் முனகல் மட்டும் போகவில்லை.

மத்தியானம் அண்ணி தரைப் பலகையைத் தூக்கினார். தொட்டியின் தலையில், பெரிய மூடிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில் திருகு மூடி ஒன்று இருக்கிறது. பழைய சொந்தக்காரர் காலத்தில் குச்சி விட்டு அளப்பதற்காம். மீட்டர் வந்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை. ஸ்பேனர் வைத்து அரைச் சுற்றுத் திருப்பியதும் 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. தொட்டி பெருமூச்சு விட்டது போல் இருந்தது. எவர்சில்வர் தகடு 'டொங்' என்று ஒரு சத்தம் போட்டு நிமிர்ந்தது. சமையல் மேடைக் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாய்ந்து வந்தது. பம்பு முனகவே இல்லை.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தொட்டிக்குள்ளிருந்து தண்ணீரை எடுத்தால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகத் தொட்டியின் தலையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலேறி, அறையின் வெளிச்சுவரில் ஒரு சின்னத் தொப்பிக்குக் கீழே முடிகிறது. அது அடைபட்டால் பம்பு தண்ணீரோடு சேர்த்து வெற்றிடத்தையும் இழுக்க வேண்டியிருக்கும். பிடிக்கும்போதும் அதே கதை. உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல், தண்ணீர் வருகிற வழியிலேயே திரும்பி வரும். அந்தப் 'பொளக்' காற்றுதான். நான் அதை நிறைந்த தொட்டி என்று நினைத்தேன்.

வெளியே போய்த் தொப்பியைப் பார்த்தோம். உள்ளே கெட்டியான களிமண் உருண்டை. குளவிக் கூடு.

எத்தனை மாதமாக இருந்ததோ. அப்படியானால் இதுவரை ஏன் தெரியவில்லை? மேல்தள மூடியின் பழைய ரப்பர் வளையம் வெடித்துப்போய், தொட்டி அந்த இடுக்கு வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணன் புது வளையம் போட்ட அன்றோடு அதுவும் போயிற்று. ரிப்பேர் பார்த்ததால் வந்த ரிப்பேர். அவர் இதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

குச்சியை விட்டு அளந்தோம். தொட்டி 100 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரம். ஆக, ஒரு செ.மீ. தண்ணீர் என்றால் 5 லிட்டர். குச்சி 5 செ.மீ. நனைந்து வந்தது. 25 லிட்டர். மூன்றாம் நாள் மத்தியானம், 200 லிட்டர் தொட்டியில் 25 லிட்டர். மீட்டர் முள் அப்போதும் முழுசாகத்தான் நின்றது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நாங்கள் கடலில் வந்து அளக்காமல் இருந்திருக்கிறோம்.

நாள் 4: தீவு

காலை பத்து மணிக்குத் தீவுத் துறையில் கட்டினோம். கரையில் குழாய் இருக்கிறது. நேற்றிரவே ஒரு முடிவு எடுத்தாயிற்று: தொட்டி எப்படியும் காலிதான், இனி இப்படி ஒரு சந்தர்ப்பம் வராது, திறந்து சுத்தம் செய்துவிடுவோம். அண்ணன் முதலில் தயங்கினார். படகை வாங்கி ஒன்பது வருடத்தில் அவர் அந்தப் பெரிய மூடியைத் திறந்ததே இல்லை. திறந்தால் என்ன தெரியுமோ என்ற பயம், வேறென்ன.

பன்னிரண்டு போல்ட். இரண்டு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மெல்ல ஆட்டி எடுத்தோம். மூடிக்குக் கீழிருந்த ரப்பர் கேஸ்கட் கையில் பொடிந்து வந்தது. நல்லவேளை, அண்ணி உணவுப் பொருளுக்கு ஆகக்கூடிய சிலிகான் தகடு கொண்டுவந்திருந்தார், பழையதை மாதிரியாக வைத்துப் புதிது வெட்டிக்கொண்டோம். கடையில் கிடைக்கும் எல்லா சிலிகான் பசையும் குடிநீர்த் தொட்டிக்கு ஆகாது. குளியலறைப் பசையில் பூஞ்சை வராமல் இருக்க மருந்து சேர்த்திருப்பார்கள்.

திறந்த வாய் 20 செ.மீ. அகலம். அண்ணன் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. என் கை தோள் வரை போயிற்று. அண்ணி டார்ச்சும் கண்ணாடியும் பிடித்து வழி சொன்னார். உள்ளே நடுவில் ஒரு தடுப்புத் தகடு. படகு ஆடும்போது தண்ணீர் ஒரேயடியாக ஒரு பக்கம் பாயாமல் இருக்க அது வேண்டும். 200 லிட்டர் என்றால் 200 கிலோ, அது உள்ளே ஓடிப் பிடித்து விளையாடினால் தொட்டியின் பற்றவைப்பும் தாங்காது, படகும் தாங்காது. ஆனால் அழுக்கு சேர்வதும் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான்.

நான் எடுத்தவை: கைநிறைய மெல்லிய சேறு. வெள்ளையாகச் சுண்ணாம்புச் சில்லுகள். குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பின் ஒரு நீளத் துண்டு. ஒரு வாஷர். தொட்டியைக் கட்டிய நாளில் துளை போட்டபோது விழுந்த உலோகச் சுருள்கள், அவை துருப்பிடித்து அடித்தகட்டில் பழுப்புப் பொட்டு வைத்திருந்தன. சுவர் முழுக்கக் கை வைத்தால் வழுக்கும் ஒரு படலம், நத்தை போன பாதை போல. இந்தப் படலம்தான் கிழிந்து கிழிந்து சல்லடைக்கு வந்திருக்கிறது. கிருமிகள் தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொள்ளும் பிசின் வீடு இது. மருந்தை மட்டும் ஊற்றினால் மேல்பக்கம் சாகும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். அதனால் முதலில் தேய்ப்பு, பிறகுதான் மருந்து.

துணியும் மென்மையான பிரஷும்தான். இரும்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. அதன் துகள்கள் எவர்சில்வரில் பதிந்து, அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். வாசனைச் சோப்பும் வேண்டாம், அது மாதக்கணக்கில் தண்ணீரில் வரும். சுண்ணாம்பு கெட்டியாக இருந்த மூலையில் மட்டும் வினிகர் நனைத்த துணியை ஒட்டவைத்து, ஊறிய பிறகு துடைத்தேன். இதன் பிறகு இரண்டு முறை நன்றாக அலசினோம். வினிகரும் ப்ளீச்சும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு வரும், அதுவும் காற்றோட்டமில்லாத படகு அறைக்குள். இந்த இடத்தில் மட்டும் அண்ணி எங்களை நம்பவில்லை, தானே மோந்து பார்த்து, தானே அலசினார்.

மீட்டரின் ரகசியமும் தெரிந்தது. மிதவையின் கம்பி வளைந்து தடுப்புத் தகட்டில் மாட்டி, மேலேயே நின்றுவிட்டது. மாற்று இல்லை. அண்ணி மீட்டர் முகத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

கடைசியாகப் பற்றவைத்த ஓரங்களை டார்ச் அடித்துப் பார்த்தோம். பழைய எவர்சில்வர் தொட்டி பெரும்பாலும் ஓட்டையாவது அங்கேதான். இரண்டு இடத்தில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளி. தடவினால் குழி தெரிகிறது, துளை விழவில்லை. இன்னும் சில வருடம் என்றார் அண்ணன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை, புதுத் தொட்டிக்கு இப்போதே அளவெடுத்து வைப்பது நல்லது என்றேன். குறித்துக்கொண்டார்.

பிறகு மருந்து. வாசனை சேர்க்காத, வெறும் 5 சதவீத ப்ளீச். கணக்கு சுலபம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்றால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின். 200 லிட்டருக்கு 200 மில்லி. பாட்டில் பழசாக இருந்தால் வீரியம் குறைந்திருக்கும், வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் குறையும். நாங்கள் கொண்டுவந்தது புதிது. ப்ளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, அப்புறம் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினோம். தொட்டியின் கூரையிலும் அந்தப் படலம் இருக்கும், தண்ணீர் தொடாத இடத்தை மருந்து தொடாது.

மேடைக் குழாய், கழிவறைக் குழாய், மேல்தள ஷவர், வெந்நீர்க் குழாய் ஒவ்வொன்றையும் குளோரின் வாடை வரும் வரை திறந்து மூடினோம். ஹோஸுக்குள்ளும் அதே அழுக்குதானே. வடிகட்டியின் கரித் தண்டை மட்டும் முன்பே கழற்றிவிட வேண்டும், கரி குளோரினை விழுங்கிவிடும். நான்கு மணி நேரம் அப்படியே விட்டோம். ராத்திரி முழுக்க விடலாமே என்று கேட்டேன். பிளாஸ்டிக் தொட்டி என்றால் விடலாம், குழி விழத் தொடங்கிய எவர்சில்வரில் குளோரினை அதிக நேரம் நிறுத்தினால் அது குழியைப் பெரிதாக்கும் என்றார் அண்ணன். அலுமினியத் தொட்டிக்கு இன்னும் ஆகாது.

அந்தத் தண்ணீரைக் கடலில் விட மனமில்லை. துறையில் கழிவுநீர் வடிகால் இருந்தது, அதில் விட அனுமதி கேட்டு, பம்பும் வாளியுமாக இருட்டும் வரை இறைத்தோம். தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன. இத்தோடு நிறுத்துகிறேன்.

நாள் 5: தீவு, கிளம்பும் வரை

காலையில் இரண்டு அலசல். முதல் அலசலையும் வடிகாலுக்கே அனுப்பினோம். இரண்டாவது அலசலில் வாடை லேசாகத்தான் இருந்தது, அந்தத் தண்ணீரில் மேல்தளத்தின் உப்பைக் கழுவினோம்.

காற்றுக் குழாயின் நுனியில் அண்ணி நுண்ணிய எவர்சில்வர் வலை கட்டினார். குளவிக்கு இனி இடமில்லை. நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக ஒரு முழ ஹோஸ் இருந்தது, உள்ளே பச்சையாகப் பாசி. வெளிச்சம் படும் இடத்தில் பாசி வரத்தான் செய்யும். அதை வெட்டி எறிந்து கறுப்பு ஹோஸ் போட்டோம்.

பிறகு நிரப்பல். இங்கே குழாய் மெதுவு, வாளி நிறைய 75 வினாடி. நிமிடத்துக்கு 8 லிட்டர், 25 நிமிடம் பிடிக்க வேண்டும். அண்ணி காற்றுக் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்துகொண்டார். "மூச்சு விடுது தம்பி" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் ஏற ஏறக் காற்று கையில் மெல்ல ஊதியது. பத்தாவது நிமிடம் தாண்டியது. பதினைந்து. இருபது. ஒரு பொளக்கும் இல்லை.

குச்சியில் 37 செ.மீ. வந்ததும் நிறுத்தச் சொன்னார் அண்ணன். மீதி 3 செ.மீ.யை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். தொட்டி நிறைந்த பிறகும் ஹோஸ் ஓடினால் தண்ணீர் மேல்தளம் வரை குழாயில் ஏறி நிற்கும். உயரம் ஒரு மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம், குழாய் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், தொட்டியின் கூரையில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். நம் தொட்டிக் கூரை அரைச் சதுர மீட்டர். 500 கிலோ, உள்ளிருந்து மேல் நோக்கி. காற்றுக் குழாய் திறந்திருந்தால் அதன் வழியே வழிந்து கொஞ்சம் தணியும், அடைத்திருந்தால் குழாயில் ஏறி நிற்கும் தண்ணீரின் முழு அழுத்தமும் தொட்டிக்குத்தான். ஊசிமுனைக் குழிகளை நினைத்துக்கொண்டு ஹோஸை எடுத்துவிட்டேன்.

இங்குள்ள தண்ணீர் சுத்திகரித்த தண்ணீர்தான், குழாயிலேயே லேசாக குளோரின் வாடை இருக்கிறது. அதனால் ஒன்றும் சேர்க்கவில்லை. சந்தேகமான, ஆனால் தெளிந்த தண்ணீர் என்றால் அதே ப்ளீச்சை லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு, கலக்கி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். நம் தொட்டிக்கு 20 மில்லி. நேற்றைய 200 மில்லி கழுவுவதற்கு, இந்த 20 குடிப்பதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

மாலை நாலரைக்குக் கிளம்பினோம்.

நாள் 6: திறந்த கடல்

கரை தெரியவில்லை. சீரான காற்று. காலையும் மாலையும் குச்சி விட்டு நோட்டில் எழுதுகிறோம். மாலை: 31 செ.மீ.

ராத்திரிக் காவலில் அண்ணன் பழைய கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மரப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோன காலத்தில் சில வாரத்திலேயே அது பச்சையாகி நாறுமாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ் கடற்படை இரும்புத் தொட்டிகளுக்கு மாறியது. தண்ணீர் துருப்பிடித்துப் பழுப்பாக வந்ததாம், ஆனால் நாறவில்லை. பீப்பாய் உருண்டையாக இருப்பதால் அடுக்கும்போது இடையில் வீணாகும் இடமும் மிச்சமாயிற்று. பம்பு ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட ஓடவில்லை. நான்கு மணி நேரம் செத்தவன் மாதிரி தூங்கினேன்.

நாள் 7: மழை

பிற்பகலில் மேகம் திரண்டு கொட்டியது. நானும் அண்ணனும் கிட்டத்தட்ட சண்டையே போட்டோம்.

துணிக் கூரை 6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 10 மி.மீ. பெய்தால் 60 லிட்டர் சும்மா கிடைக்கிறது. மேல்தள மூடியைத் திறந்து, சுற்றிலும் துண்டைச் சுருட்டி அணை கட்டினால் நேராகத் தொட்டிக்குள் போகும், பல பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள் என்று அண்ணன் அதற்குத் தயாரானார். என் தோள்வலி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேய்த்த தொட்டிக்குள், பறவை எச்சமும் செருப்புக் கால் அழுக்கும் பட்ட மேல்தளத் தண்ணீரையா விடுவது? துணியில் பிடிப்போம், காலியான கேன்களில் பிடிப்போம், குளிக்க வைத்துக்கொள்வோம் என்றேன். நடுக்கடலில் தண்ணீர் தீர்ந்திருந்தால் அவர் சொன்னதையே நானும் செய்திருப்பேன். தொட்டியில் 25 செ.மீ. இருக்கும்போது எதற்கு?

அண்ணி என் பக்கம் நின்றார். கதை முடிந்தது.

முதல் பத்து நிமிட மழையைத் துணி கழுவ விட்டோம். விரலை வைத்து நாக்கில் பார்த்தபோது முதலில் உப்பு, பிறகு குறைவு, பிறகு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் பிடித்ததில் மூன்று கேன் நிறைந்தது, 30 லிட்டர். மூவரும் ஆசை தீரக் குளித்தோம். அண்ணன் இரண்டு முறை.

நாள் 8: கழிமுகம்

காலை எட்டு மணிக்கு ஆற்று வாய்க்குள் நுழைந்தோம். கடைசி அளவு: 22 செ.மீ., 110 லிட்டர். ஐந்தாம் நாள் 37 செ.மீ.யில் கிளம்பியதிலிருந்து 75 லிட்டர்தான் செலவு. முதல் இரண்டு நாளில் மட்டும் ஒழுகலையும் சேர்த்து நூறு லிட்டர் ஊற்றியவர்கள் இதே மூன்று பேர்தான்.

படகு இங்கே இரண்டு மாதம் கட்டிக் கிடக்கப் போகிறது. தொட்டியை நிறைத்து விடுவதா, காலியாக விடுவதா என்று கொஞ்ச நேரம் பேசினோம். நிறைத்து வைத்தால் காற்றும் ஈரமும் விளையாட இடமில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு மாதம் அசையாத வெதுவெதுப்பான தண்ணீரில் குளோரின் எப்போதோ போய்விடும், பிறகு பழைய குடித்தனக்காரர்கள் திரும்பி வருவார்கள். வெந்நீர்த் தொட்டியில் இன்னும் மோசம், அழுகிய முட்டை நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். காலி செய்து, துடைத்து, பெரிய மூடியின் போல்ட்களைத் தளர்த்தி, வாயில் வலைத்துணி போட்டு வைப்பது என்று முடிவாயிற்று.

தண்ணீரை இறைத்து, கடைசிக் கால் லிட்டரையும் துணியால் ஒற்றி எடுத்தேன். டார்ச் அடித்தேன். தகடு பளபளவென்று என் முகத்தைக் காட்டியது.

சாமானெல்லாம் இறக்கியானதும் அண்ணி மீட்டரில் ஒட்டிய கறுப்பு டேப்பை உரித்தார். முள் முழுசாக நின்றது. அண்ணன் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

அசையவில்லை.